தஞ்சாவூரா, கங்கைகொண்ட சோழபுரமா, தாராசுரமா? ஒரே நாள் கையில் இருப்பவர்களுக்கு

கும்பகோணத்தில் கல்யாணம். காலை முகூர்த்தம், மதியச் சாப்பாடு, அதோடு வந்த வேலை முடிந்தது. ஊர் திரும்ப ரயில் டிக்கெட் மறுநாள் இரவுக்குத்தான் கிடைத்திருக்கிறது. நடுவில் முழுதாக ஒரு நாள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போவதா, கங்கைகொண்ட சோழபுரமா, பக்கத்திலேயே இருக்கிற தாராசுரமா? ஒவ்வொரு முகூர்த்த மாதத்திலும் இந்தக் கேள்வி என்னிடம் நாலைந்து முறையாவது வந்துவிடும். கேட்பவர்கள் பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டு வருகிறார்கள்: "மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டால் என்ன?"

முடித்துவிடலாம். கார் இருந்தால் போய்வர 150 கிலோமீட்டர்தான். என் அத்தை குடும்பம் அப்படித்தான் போனது. காலையில் தஞ்சாவூர், திரும்பும் வழியில் தாராசுரத்தில் இருபது நிமிடம், அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று, நடை சாத்தியிருந்தது. பிள்ளைகளுக்குப் பசி, மாமாவுக்கு முழங்கால் வலி, டிரைவருக்குக் கோபம். மரநிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். அன்று இரவு, "தேர் மாதிரி மண்டபம் எந்தக் கோயிலில் இருந்தது?" என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று ஊரைச் சொன்னார்கள்.

ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை (தஞ்சை 1987இல் சேர்ந்தது, மற்ற இரண்டும் 2004இல்). மூன்றும் சோழர் கட்டியவை, மூன்றிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. பட்டியலையும் கட்டணத்தையும் வைத்து முடிவெடுக்க வழியில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், எதை வைத்து எடை போடக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன்: உயரம். விமானம் எத்தனை அடி, லிங்கம் எத்தனை அடி, நந்தி எத்தனை டன் என்ற கணக்கில் ஊர் ஊராகப் போட்டி நடக்கிறது. அந்த எண்களை வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம். நான் பார்ப்பது இவற்றை:

கதை எந்த வடிவில் இருக்கிறது. ஒரு கோயில் தன் கதையை எழுத்தாக வைத்திருக்கும். இன்னொன்று சிற்பமாக வைத்திருக்கும். மற்றொன்று வெற்றிடமாக வைத்திருக்கும். உங்களுக்கு எது பிடிபடும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். முடிவில் பெரும்பகுதி இதில்தான் அடங்கியிருக்கிறது.

துணையில்லாமல் எவ்வளவு புரியும். வழிகாட்டியோ முன்கூட்டிய வாசிப்போ இல்லாமல் போனால் கையில் என்ன மிஞ்சும்?

யார் கூட வருகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் ஒரே கோயில் பொருந்தாது.

கண்ணுக்குத் தெரியாத செலவு. பணத்தைவிட இங்கே அதிகம் செலவாவது நேரமும் உள்ளங்காலும். நண்பகலுக்குப் பிறகு நடை சாத்தினால் நாலு மணிவாக்கில்தான் மீண்டும் திறக்கிறார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நடப்பது பிரார்த்தனைக்குச் சமம். ஒரு ஜோடி பழைய காலுறை எடுத்துப் போனால் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பார்க்கலாம்.

## தஞ்சாவூர்: எழுதி வைத்த கோயில்

பெரிய கோயிலுக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். 200 அடிக்கு மேல் எழும் விமானத்தை அப்படிப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஆனால் இந்தக் கோயிலின் கதை கீழே, அடித்தளத்துக் கற்களில் இருக்கிறது.

விமானத்தைச் சுற்றி நடந்தால் கல்லில் வரிவரியாக எழுத்து ஓடுவதைக் காணலாம். முதலாம் ராஜராஜன் தன் வாயால் சொன்னதாக அதில் ஒரு வாக்கியம் வருகிறது. தான் எடுப்பித்த கற்றளிக்கு (கல்லால் கட்டிய கோயிலுக்கு) "நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்" விமானத்தில் கல்லிலே வெட்டுக என்கிறான் (எழுத்தை இன்றைய வழக்குக்கு மாற்றியிருக்கிறேன்). வரிசையைக் கவனியுங்கள். தனக்கு அடுத்த இடம் அக்கா குந்தவைக்கு. மனைவியர் அதற்குப் பிறகுதான். அரசாங்க ஆவணத்தில் "அக்கன்" என்று ஒரு பேரரசன் சொல்வதை முதல்முறை விரலால் தொட்டுப் படித்தபோது, விமானத்தின் உயரம் எனக்கு மறந்தே போனது.

அப்புறம் கணக்குகள். ஒரு நந்தா விளக்கு (அணையாமல் எரியும் விளக்கு) எரிய நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றை இன்னின்ன இடையர் வசம் ஒப்படைத்தது என்று பெயரோடு பட்டியல் போகிறது. நகைகளை ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்துப் பதிந்திருக்கிறார்கள். முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று தரம் பிரித்திருக்கிறார்கள். கோயில் பணிக்காக ஊர் ஊராக அழைத்து வரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலில் ஆடிய பெண்களின்) பெயர், முன்பிருந்த கோயில், குடியிருக்கும் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வீட்டு முகவரிகள் இவை. கட்டடம் எப்போது முடிந்தது என்பதற்கும் நாள் கணக்கு உண்டு: ராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டு, 275ஆம் நாளில் பொன் வேய்ந்த கலசம் விமானத்தின் உச்சிக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டு 1010.

"எனக்குப் பழைய எழுத்து படிக்க வராதே" என்பீர்கள். எனக்கும் முழுதாக வராது. ஆனால் ட, ப, ம, வ போன்ற எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு நெருங்கியவை. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பிடிபடும். புள்ளி வைக்கமாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், அரைமணி நேரத்தில் இரண்டு மூன்று சொற்களாவது தாமாக எழுந்து வரும்.

இந்தக் கோயில் ராஜராஜனோடு முடிந்துவிடவும் இல்லை. பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. அம்மன் சன்னிதி பாண்டியர் காலத்தது. திருச்சுற்று மாளிகைச் சுவரில் இரண்டாம் சரபோஜி 1803இல் வெட்டுவித்த மராத்தியரின் குலவரலாறு மராத்தி மொழியில் நீள்கிறது. மகன் ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பும் இங்கேதான் இருக்கிறது. "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று தொடங்கி ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், நக்கவாரம், கடாரம் என்று ஊர்களை அடுக்கும் மெய்க்கீர்த்தி (அரசனின் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டு முன்னுரை) தஞ்சைச் சுவரில் உள்ளது. கங்கைகொண்ட சோழபுரத்தில் அதைத் தேடி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

மறைந்திருக்கும் செலவு. முதலாவது, கட்டுக்கதை. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். காலையிலோ மாலையிலோ போய் நின்றால் விழுந்து கிடக்கும் நிழலிலேயே நின்றுகொண்டு அதைக் கேட்கலாம். உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக்கல் என்பார்கள். துண்டுகளைச் சேர்த்துச் செய்தது அது. நந்தி வளர்ந்துகொண்டே இருந்ததால் முதுகில் ஆணி அடித்தார்கள் என்பார்கள். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. ஒரு வழிகாட்டியைப் பணம் பேசி அமர்த்திக்கொண்டு முக்கால் மணி நேரம் இந்த மூன்றையும் மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அன்றிலிருந்து பேரம் பேசும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: "குந்தவை கொடுத்தது எந்தப் பக்கம் எழுதியிருக்கிறது?" கையைக் காட்டுகிறவரோடு போகலாம்.

இரண்டாவது, இங்கே உள்ள மிகச் சிறந்தவற்றை நீங்கள் பார்க்க முடியாது. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில், சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுந்தரர் கதை, திரிபுராந்தகர் எல்லாம் அங்கே இருக்கின்றன. அதற்கு மேல்தளத்தில் 108 கரணங்களில் (நடன நிலைகளில்) 81 மட்டும் செதுக்கி, மீதிக் கற்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். இரண்டு இடங்களிலும் பொதுமக்களை விடுவதில்லை. படங்களைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது கூட்டம். பிரதோஷ மாலை, பள்ளிச் சுற்றுலா மாதங்கள், ராஜராஜன் பிறந்த நட்சத்திரத்துக்கான ஐப்பசிச் சதய விழா. இந்த நாள்களில் கோயிலைப் பார்க்கலாம், கல்வெட்டைப் பார்க்க முடியாது.

யாருக்கு. ஆவணம், கணக்கு, பெயர், நிர்வாகம் என்றால் காது விடைக்கிறவர்களுக்கு. முதல்முறை சோழநாட்டுக்கு வருகிறவர்களுக்கு. பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு. முதியவர்களுக்கும் இதுவே வசதி: பரந்த முற்றம், திருச்சுற்று மாளிகையில் நிழல், வெளியே வந்தால் சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் குறைவில்லை.

## கங்கைகொண்ட சோழபுரம்: காணாமல் போன ஊர்

கும்பகோணத்திலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். வழியில் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கிறீர்கள். அங்கே வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள். ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை அது. அதற்குக் கல் தேவைப்பட்டபோது, பக்கத்தில் ஆளரவமின்றிக் கிடந்த கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். கோயிலைப் பார்க்கப் போகிற நீங்கள், கோயிலின் ஒரு பகுதியைக் கடந்துதான் போகிறீர்கள். நீரைத் தடுத்து வயலுக்குத் திருப்பும் அணையைப் பார்த்துக் கோபப்படுவதா, இரங்குவதா என்று ஒவ்வொரு முறையும் எனக்குக் குழப்பம்தான். அந்த அணையில் பாய்ந்த தண்ணீரில் விளைந்ததைத்தான் இந்தப் பக்கத்தில் பல தலைமுறை சாப்பிட்டிருக்கிறது.

ராஜேந்திரன் கங்கைவரை படை அனுப்பி வென்றதன் அடையாளமாக இந்தத் தலைநகரை எழுப்பினான். தோற்ற மன்னர்களின் தலையில் கங்கைநீர் சுமக்க வைத்து, அந்த நீரைக் கொண்டு ஒரு பேரேரியை உண்டாக்கினான் என்கிறது மரபு. திருவாலங்காட்டுச் செப்பேடு அந்த ஏரியை நீராலான வெற்றித்தூண் என்று சொல்கிறது. சோழகங்கம் என்று பெயர் வைத்தான். இன்று பொன்னேரி. ஏறத்தாழ 250 ஆண்டு, 1279இல் சோழராட்சி முடியும்வரை, பேரரசின் தலைநகர் இதுதான். அவ்வளவு பெரிய ஊரில் இன்று நிற்பது கோயில் ஒன்றே. அரண்மனை இருந்த மாளிகைமேடு சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; தொல்லியல் துறை அகழ்ந்து காட்டிய செங்கல் சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், அவ்வளவுதான்.

கதை சொல்லும் எழுத்தும் இங்கே குறைவு. கட்டியவனான ராஜேந்திரனின் கல்வெட்டையே இந்தச் சுவர்களில் காணோம்; கிடைத்தவற்றில் பழையது மகன் வீரராஜேந்திரன் காலத்தது. ஆனால் ஒரு சிற்பம் இருக்கிறது. வடக்கு வாசல் படிக்கட்டின் பக்கத்தில், உமையோடு அமர்ந்த சிவன், காலடியில் கைகூப்பி இருக்கும் ஒருவரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றிக் கட்டுகிறார். அந்தப் பக்தர் சண்டேசர். சேய்ஞலூரில் மாடு மேய்த்த பிள்ளை. மணலில் லிங்கம் பிடித்துப் பாலைப் பொழிந்தவன். பால்குடத்தை உதைத்த தந்தையின் காலை வெட்டியவன். பக்கச் சுவரில் அந்தக் காட்சிகள் சிறிதாக வருகின்றன. மாலையைக் கட்டும் விரல்களைப் பாருங்கள். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டிவிடும் தகப்பனின் நிதானம் அதில் இருக்கிறது. தந்தையை வெட்டிய பிள்ளைக்கு இன்னொரு தந்தை. ராஜேந்திரனே தன்னை அந்த இடத்தில் வைத்துக்கொண்டான் என்று சொல்வோர் உண்டு. அது ஊகம், ஆனால் தள்ளிவிட முடியாத ஊகம். எதிரில் சரசுவதியையும், உள்ளே தாமரை வடிவில் ஒரே கல்லில் அமைந்த நவக்கிரகத்தையும் தவறவிடாதீர்கள். சிங்கமுகக் கிணறு படம் எடுக்க நன்றாக இருக்கும்; அது பிற்காலத்தது.

விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தஞ்சை விமானம் நேராக ஏறும். இது உள்வாங்கி வளைந்து ஏறும். தந்தையைவிட உயரமாகக் கட்டாமல் மகன் அடக்கம் காட்டினான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவன் மனத்தில் என்ன இருந்ததோ. பார்க்க அழகு இதுதான் என்பது என் கட்சி.

மறைந்திருக்கும் செலவு. பயணம். பஸ்ஸில் வந்தால் கும்பகோணத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் வண்டிகளில் கோயில் நிறுத்தத்தில் இறங்கலாம். திரும்ப ஏறுவதற்குத்தான் சாலையோரம் காத்து நிற்க வேண்டும். மாளிகைமேட்டுக்கும் பொன்னேரிக்கும் சொந்த வண்டியோ ஆட்டோவோ வேண்டும், அவற்றைப் பார்க்காமல் திரும்பினால் இவ்வளவு தூரம் வந்ததற்குப் பாதிதான் கணக்கு. நல்ல சாப்பாட்டை எதிர்பார்க்காதீர்கள், கட்டிக்கொண்டு போங்கள். புல்வெளி பச்சையாக இருந்தாலும் நடைபாதைக் கல் சுடும். ராஜேந்திரன் பிறந்த நட்சத்திரமான ஆடித் திருவாதிரை அன்று ஊரே மாறிவிடும். 2025இல் அந்த விழாவுக்குப் பிரதமரே வந்து போனார். அமைதி வேண்டுவோர் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

யாருக்கு. ஏற்கெனவே தஞ்சையைப் பார்த்தவர்களுக்கு. கூட்டம் ஆகாதவர்களுக்கு. ஓர் ஊர் எப்படி இல்லாமல் போகிறது என்ற கேள்வி உள்ளவர்களுக்கு. சோழர் கதைகளைப் படித்துவிட்டு மனத்தில் ஒரு நகரத்தைக் கட்டி வைத்திருப்பவர்களுக்கும்தான். ஆனால் அவர்கள் அந்த நகரத்தை வயல்வெளியில் இறக்கி வைக்கத் தயாராக வர வேண்டும்.

## தாராசுரம்: குனிந்து பார்க்கும் கோயில்

கும்பகோணத்திலிருந்து நாலு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் போகலாம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதே இதற்குச் சாபம். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எல்லோரும் தள்ளி வைக்கிறார்கள்.

இரண்டாம் ராஜராஜன் (1146–1173) கட்டியது. ராஜராஜபுரம் என்ற பெயர்தான் தேய்ந்து ராராசுரமாகி, தாராசுரமாகி நிற்கிறது. விமானம் சுமார் 80 அடி. மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் தம்பி. பெருமையெல்லாம் சாண் கணக்கில் இருக்கிறது.

விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி நாயன்மார் கதைகள் சிறு சிறு கட்டங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பலவற்றின் மேல் இது இன்னது என்று தமிழில் குறிப்பும் உண்டு. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இவன் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். ஏடு பழுப்பதற்குள் கதை கல்லில் ஏறிவிட்டது. அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். பிள்ளை முதலை வாயிலிருந்து வெளியே வருகிறான். உள்ளங்கை அகலக் கல்லில் முதலை, பிள்ளை, பாடுகிறவர் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. கண்ணப்பர் கதையும் உண்டு. பாட்டியைக் கூட்டிப் போனால் அவர் கதை சொல்வார், நீங்கள் கட்டத்தைக் கண்டுபிடிப்பீர்கள். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. வழிகாட்டிக் கூலி மிச்சம்.

முன்மண்டபத்துக்கு ராஜகம்பீரன் திருமண்டபம் என்று பெயர். பக்கத்தில் சக்கரமும் பாயும் குதிரையும் வைத்துத் தேராகவே ஆக்கியிருக்கிறார்கள். படிக்கட்டுக் கைப்பிடியில் யானை. தூண்களில் ஒரு சதுரம்கூட வெறுமையாக இல்லை. ஆடுகிறவர், மத்தளம் கொட்டுகிறவர், மல்யுத்தம் செய்கிறவர். இடபகுஞ்சரம் என்ற ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இடப்பக்க உடலைக் கையால் மறைத்தால் ஒரு விலங்கு, வலப்பக்கத்தை மறைத்தால் மற்றொன்று. எட்டு வயதுப் பெண் ஒருத்தி ஆறு முறை மாற்றி மாற்றி மறைத்துப் பார்த்துவிட்டு, "யார் முதலில் வந்தார்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறைந்திருக்கும் செலவு. மழை. கோயில் தளம் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்தது; ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்தில் தண்ணீர் தேங்கும். படத்துக்கு அழகாக இருக்கும், அடித்தளச் சிற்பங்களைச் சுற்றி வர முடியாது. தட்டினால் ஒலிக்கும் படிகளைக் கேள்விப்பட்டுப் போனால் அவற்றைச் சுற்றிக் கம்பி வலை போட்டிருக்கும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குனிந்தும் குந்தியும் பார்க்க வேண்டியிருப்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். பெரிய செலவு வேறு: பெரியபுராணம் கொஞ்சமும் தெரியாமல் போனால் இந்தச் சிற்பங்கள் வெறும் கூட்டமாகத் தெரியும். முந்தின இரவு பத்துக் கதைகளையாவது படித்துவிடுங்கள். இங்கே அவசரப்பட்டால் எதுவும் மிஞ்சாது. மூன்று மணி நேரம் ஒதுக்க முடியாதென்றால் தஞ்சாவூருக்கே போய்விடலாம்.

யாருக்கு. பிள்ளைகளோடு வருகிறவர்கள், படம் வரைகிறவர்கள், பரதம் பயில்கிறவர்கள், கதை தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருப்பவர்கள்.

## ஒரே பார்வையில்

| | தஞ்சாவூர் | கங்கைகொண்ட சோழபுரம் | தாராசுரம் |
|---|---|---|---|
| கதையின் வடிவம் | கல்வெட்டு | வெற்றிடம், சிதறிய எச்சம் | சிறு சிற்பம் |
| கட்டியவர் | முதலாம் ராஜராஜன் | முதலாம் ராஜேந்திரன் | இரண்டாம் ராஜராஜன் |
| கும்பகோணத்திலிருந்து | சுமார் 40 கி.மீ. | சுமார் 35 கி.மீ. | 4 கி.மீ. |
| சொந்த வண்டி | வேண்டாம் | இருந்தால்தான் நல்லது | வேண்டாம் |
| தேவைப்படும் நேரம் | அரை நாள் | மாளிகைமேடு, ஏரி சேர்த்து அரை நாளுக்கு மேல் | மூன்று மணி நேரம் |
| முன்வாசிப்பு இல்லாமல் | பிரமிப்பு மிஞ்சும் | அமைதி மிஞ்சும் | குழப்பம் மிஞ்சும் |
| பெரிய தொல்லை | கூட்டம், கட்டுக்கதை | பயணம், சாப்பாடு | மழைநீர், முழங்கால் |
| சிறந்த வேளை | காலை நடை திறந்ததும் | மாலை நாலு மணிக்கு மேல் | காலைச் சாய்வெயில் |

## நான் என்ன சொல்வேன்

சோழநாட்டுக்கு முதல் வரவு, அடுத்து எப்போது வருவோமோ தெரியாது என்றால் தஞ்சாவூர். விவாதமே வேண்டாம்.

கும்பகோணத்தில்தான் தங்கியிருக்கிறீர்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள், வண்டி இல்லை என்றால் தாராசுரம். காலை அங்கே, மதியம் தூங்கி எழுந்து, மாலையில் சுவாமிமலைப் பக்கம் போய்ப் பஞ்சலோகச் சிலை வார்ப்பதைப் பார்க்கலாம். இன்னும் தெம்பு இருந்தால் மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய திரிபுவனம் கோயில் பக்கம்தான். விமான அமைப்பில் இந்த மூன்றின் உறவுக்காரர் அது. யுனெஸ்கோ பலகை இல்லாததால் கூட்டமும் இல்லை.

தஞ்சையைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்துவிட்டேன் என்பவர்களை மட்டும் நான் நம்புவதில்லை. வரிசையில் நின்று நந்தியைப் பார்த்துவிட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டிருப்பீர்கள். உண்மையாகவே பார்த்தாகிவிட்டது, வண்டியும் இருக்கிறது என்றால் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மதியம் கிளம்புங்கள். இரண்டு மணிக்கு அணைக்கரை, மூன்று மணிக்கு மாளிகைமேடு, நாலு மணிக்கு நடை திறக்கும்போது கோயில். மேற்கே வெயில் சாயும்போது விமானத்தின் வளைவு தெரியும்.

ஒன்றரை நாள் கிடைப்பவர்களுக்கு ஒரு யோசனை: தாராசுரத்தையும் தஞ்சாவூரையும் சேருங்கள், அந்த வரிசையிலேயே. தஞ்சாவூரில் பெரிய கோயிலோடு நிறுத்தாமல் அரண்மனைக் கலைக்கூடத்துக்கும் போங்கள். தாராசுரத்திலிருந்து எடுத்துவந்த பிட்சாடனரும் ரிஷிபத்தினிகளும் கஜசம்ஹாரரும் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கே ஒரு துவாரபாலகரையும் தேடுங்கள். உடம்புவாகும் அணிகலனும் சுற்றியுள்ள சோழச் சிற்பங்களோடு ஒட்டாமல் இருக்கும். இவர் சாளுக்கிய நாட்டுக்காரர். ராஜேந்திரனின் மகன் முதலாம் ராஜாதிராஜன், சாளுக்கியத் தலைநகரான கல்யாணபுரத்தை அழித்து அங்கிருந்து தூக்கிவந்த சிலை இது. தாராசுரத்தில் கிடந்து, இப்போது தஞ்சாவூரில் நிற்கிறார். பீடத்தில் தமிழில் ஒரே ஒரு வரி வெட்டியிருக்கிறது: உடையார் ஸ்ரீவிஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர் (விஜயராஜேந்திரன் என்பது ராஜாதிராஜனின் பட்டப்பெயர்). பெரிய கோயிலில் காலையில் பழகிய கண்ணுக்கு அந்த எழுத்து கொஞ்சம் சுலபமாகவே பிடிபடும். "எறிந்து" என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்.